வத்தல் குடோனில் பிறந்த மூன்றாவது ஆல்பம்

கிட்டாரை மாட்டிக்கொண்டு சொந்தமாக எழுதிப் பாடுவது என் தொழில்; இதில் பாடுகிற நேரத்தைவிட “சினிமாவுல பாடிருக்கீகளா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற நேரம்தான் அதிகம். கவிதை எழுதுகிறவர்களே, படம் வரைகிறவர்களே, சொந்தமாக ஒன்றைச் செய்துவிட்டு யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று உட்கார்ந்திருக்கிற எல்லாரும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

யாரு வண்டி ஓட்டுவாங்க?

என் முதல் ஆல்பம் நன்றாக ஓடியது. சென்னையில் ஒரு கம்பெனி வெளியிட்டது. டிரம்ஸ், பேஸ் கிட்டார், நடுவில் எங்கள் பக்கத்து உறுமி மேளம். சிலர் ராக் என்றார்கள், சிலர் நாட்டுப்புறம் என்றார்கள். கல்லூரி கல்லூரியாகக் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஆல்பத்தை யாரும் சீண்டவில்லை.

மூன்றாவதற்கான பாட்டுகளை நான் மட்டும் கிட்டாரோடு பாடிக் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒன்று தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி. இன்னொன்று அத்தாவின், மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்ட என் தகப்பனாரின், இருமலைப் பற்றி. இரண்டு மாதமாகப் பதில் இல்லை. நேரிலேயே போனேன். மேலாளர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பாட்டெல்லாம் நல்லா இருக்கு மேடம். ஆனா இதைக் கார்ல போட்டுக் கேட்டுட்டு யாரு வண்டி ஓட்டுவாங்க?”

தும்மல்

விருதுநகருக்குத் திரும்பி வந்தேன். எங்களுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். அத்தாவுக்குப் பிறகு கடையை அண்ணன் பார்க்கிறார். நான் மேடையேறிய வருஷத்திலிருந்து அண்ணன் என்னோடு பேசாமலே இருந்தார். திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசம். திட்டினால் திருப்பித் திட்டலாம்.

கடைக்குப் பின்னால் ஒரு பழைய குடோன் காலியாகக் கிடந்தது. கனத்த சுவர். சாக்குகளைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். மதினியிடம் சொன்னேன். மறுநாள் சாவி வந்தது. யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, மதினியும் சொல்லவில்லை.

முதல் ஆல்பத்தில் வாசித்த டிரம்மரும் பேஸ்காரரும் பழைய பாசத்தில் ரயிலேறி வந்தார்கள். சரக்கு போய் மாசக்கணக்காகியும் காரம் சுவரிலேயே இருந்திருக்கிறது. டிரம்மர் முதல் அடி அடித்தார். தரையிலிருந்து புழுதி எழும்பியது. அவர் தும்மினார். பேஸ்காரர் தும்மினார். மறுபடி அடித்தார்கள், மறுபடி தும்மினார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கும் கண் சிவந்து மூக்கு வீங்கிவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டேஷனில் ரயில் நகரும்போது டிரம்மர் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்: “ஏங்க, உங்க வீட்ல தாலாட்டெல்லாம் எப்படிப் பாடுவாங்க, தும்மிக்கிட்டேவா?”

ஒன்னு, ரெண்டு, மூணு

ஆட்கள் போய்விட்டார்கள், பாட்டுகள் என்னிடமே இருந்தன. ஒரு மைக், ஒரு லேப்டாப், நான். ஒரு வாரம் பகல் முழுக்க அந்தக் குடோனுக்குள் இருந்தேன். பாட்டு முடிந்ததும் “சரியா வந்துச்சு” என்றோ “இன்னொரு தடவை” என்றோ சொல்ல யாராவது வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு பழகியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிந்த பிறகு சாக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு நானே பொத்தானை அமுக்குவேன்.

மதினி கொடுத்துவிடும் சாப்பாட்டைக் கொண்டுவருவது கடையின் லோடுமேன் கருப்பசாமி அண்ணாச்சி. வயது அறுபதுக்கு மேல். பாட்டு ஓடினால் முடியும்வரை வெளியிலேயே நிற்பார். நாலாவது நாள் தூக்குவாளியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். “என்ன அண்ணாச்சி?” என்றேன். “ஒன்னுமில்ல தாயி. ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டு ஆரம்பிக்கிய. யாருக்கு எண்ணுறியன்னு எட்டிப் பாத்தேன், உள்ள ஒருத்தரையும் காணோமே.”

சிரிக்காத மூஞ்சி

பாட்டுகளை இணையத்தில் ஏற்றினேன். கையில் கொடுக்க வரிகளைச் சின்னப் புத்தகமாகப் போட நினைத்துத் திருத்தங்கல்லில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். பட்டாசு லேபிள் சீசன். மத்தாப்புப் பெட்டிக்கான தாள்கள் ரோஜாவும் மயிலுமாகக் குவிந்து கிடந்தன. அட்டைக்கு நான் கொடுத்த படத்தில் சாக்குகளுக்கு முன்னால் நான் நிற்கிறேன், அவ்வளவுதான். அச்சக முதலாளி அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல மனுஷர். உண்மையான அக்கறையோடு சொன்னார்: “தப்பா எடுத்துக்கிடாதீகம்மா, முப்பது வருசமா லேபிள் அடிக்கேன். சிரிக்காத மூஞ்சியப் போட்ட எந்த வெடியும் வித்ததில்ல.”

அவர் சொன்னதுதான் நடந்தது.

தப்பாப் படிக்கீக

ஒரு வருஷம் போயிற்று. ஒரு சாயங்காலம் வெம்பக்கோட்டையில் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டுச் சிவகாசிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் பட்டாசு ஆலையிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் ஏறினார்கள். எவ்வளவு கழுவியும் கையில் வெள்ளிப் பொடி மின்னியது. முன்சீட்டில் ஒருத்தி பாட ஆரம்பித்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். என் பாட்டு. தனியாகச் சாப்பிடுவதைப் பற்றிய பாட்டு.

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே எங்கேயோ ஒருத்தி கேட்டு, வாயிலேயே உள்ளே கொண்டுபோயிருக்கிறாள். அப்படிப் போன வழியில் வரி மாறியிருந்தது. நான் எழுதியது, “ஒத்தத் தட்டு கழுவி வச்சேன், ஒறக்கம் வரல.” அவர்கள் பாடியது, “ரெண்டு தட்டு கழுவி வச்சேன், ஒன்னுல எச்சி படல.”

என்னையறியாமல் நானும் சேர்ந்து பாடிவிட்டேன், என் வரியோடு. பாட்டு நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். முன்சீட்டுப் பெண் நிதானமாக விளக்கினாள்: “எக்கா, நீங்க தப்பாப் படிக்கீக. ஒத்தத் தட்டுன்னா அது வெறும் பசி. ரெண்டு தட்டுன்னாத்தான் பாட்டு.”

நான் யாரென்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவள் சொன்னது சரி. சிவகாசி வரும்வரை அவர்கள் வரியையே பாடினேன். இப்போது மேடையிலும் அதைத்தான் பாடுகிறேன்.

இழுத்து இருமுவாக

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு ஆல்பம் வந்துவிட்டது. கம்பெனியே வந்து கேட்டு வாங்கிப் போட்டது. பேட்டிக்கு வருகிறவர்கள் முதலாவதைக் கேட்பார்கள், ஐந்தாவதைக் கேட்பார்கள். மூன்றாவதை விட்டுவிடுவார்கள். நானும் ஞாபகப்படுத்துவதில்லை. ஆனால் குடோனுக்குள் இருந்த அந்த ஒரு வாரத்துக்கு முன்னால் நான் பாடியது பாட்டே இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாசம், சாயங்காலம் அசர் தொழுகை முடிந்திருக்கும் நேரம், மதினியின் நம்பரிலிருந்து போன் வந்தது. “சொல்லுங்க மதினி” என்றேன். பின்னால் வத்தல் மூட்டை உருட்டுகிற சத்தம். மூச்சு விடுகிற சத்தம். ஒன்பது வருஷம் ஆகியிருந்தாலும் அந்த மூச்சு யாருடையது என்று தெரிந்துவிட்டது. “அண்ணே” என்றேன்.

அண்ணன் நலம் கேட்கவில்லை. வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. அத்தாவின் இருமலைக் கிட்டாரில் நான் வாசித்திருந்த இடத்துக்கு நேராக வந்தார்: “சபுரா, அத்தா அப்படி வெட்டி வெட்டி இருமமாட்டாக. கடைசியில கொஞ்சம் இழுத்து இருமுவாக. நீ தூரத்துல இருந்த, ஒனக்குத் தெரியாது.”

அந்த ஆல்பத்தைப் பாராட்டின யாரும் அதற்காக மறுபடி கூப்பிட்டதில்லை என்பதால், திருத்துகிறவர்களைத்தான் நான் ரசிகர்கள் என்று எண்ணிக்கொண்டு வருகிறேன்.