மாதிரிப் பள்ளியில் வேலைநிறுத்தம்

காத்தாயிக்கு வகுத்தல் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான், எழுபத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதத்தில், குறுவை நடவைப் போட்டுவிட்டு மலர்கொடியை மாயவரத்து உயர்நிலைப் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனாள்.

தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் சிலேட்டை நீட்டி, தொண்ணூற்றாறை நாலால் வகுக்கச் சொன்னார். மலர்கொடி சிலேட்டைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"சரி, உனக்கு என்னதான் தெரியும்? அதச் சொல்லு."

பெண் நிமிர்ந்து நின்றாள். "குழந்தைகளே! என் கையில் இருப்பது என்ன? செம்பருத்திப் பூ! இது புல்லிவட்டம், இது அல்லிவட்டம்..." என்று கையை விரித்து ஆரம்பித்தவள், மகரந்தம் சூலகம் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் போய், "இன்று நாம் எதைப் பற்றிப் படித்தோம்?" என்று தலைமையாசிரியரையே கேட்டு முடித்தாள்.

குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ட்ரெயினிங் ஸ்கூல் பிள்ளையாம்மா?"

"ஆமாங்க."

"அதானே பாத்தேன். இன்னொரு வருஷம் அஞ்சாவதுல போடுங்க. வகுத்தல் வந்ததும் கூட்டிக்கிட்டு வாங்க."

காத்தாயியின் ஊரில் அந்தப் பள்ளி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நாளில் மிராசுதாருக்குத் திடீரென்று கல்வியின் மேல் பாசம் பொங்கியது. நிலத்தில் பெரும்பகுதியை ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றி, பெண்களுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி கட்டினார். பாடம் நடத்திப் பழகுவதற்குப் பிள்ளைகள் வேண்டுமே. அதற்காகப் பக்கத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளி. அவர் வீட்டுப் பிள்ளைகள் கும்பகோணத்தில் கான்வென்டில் படித்தார்கள். மாதிரிப் பள்ளிக்கு வந்தது வாய்க்கால் தெருப் பிள்ளைகள், அவருடைய வயலில் நட்டு அறுத்தவர்களின் பிள்ளைகள். ஊரில் வேறு பள்ளிக்கூடம் இல்லை.

மறுநாளே காத்தாயி வகுப்பாசிரியர் ஜெக்கரியாவைப் பிடித்தாள்.

"சார், மூணு வருஷமா எம்பொண்ணு பூவையே பிச்சுக்கிட்டு இருக்கா."

"நான் என்னம்மா செய்வேன்? காலையில ரெண்டு பொண்ணுங்க பாடம் எடுக்குது, மத்தியானம் ரெண்டு. நான் கடைசி பெஞ்சில குந்தி மார்க் போடுறேன். வகுத்தல் எடுத்தா நடுவுல தப்பு வந்துரும், மார்க் போயிரும். பூவுன்னா போன வருஷத்து அக்காமாருங்க வரைஞ்ச படம் இருக்கு, வாங்கி மாட்டிட்டாப் போதும். எல்லாரும் பூதான்."

"நீங்க சொல்லிக் குடுக்கறது?"

"எனக்கு எப்பம்மா பீரியடு குடுக்கறாங்க?"

காத்தாயி பயிற்சிப் பள்ளியின் முதல்வர் நீலாயதாட்சி அம்மாளிடம் போனாள். நல்ல பெண்மணிதான். ஆனால் அந்த வருஷம் அவர் தலையில் இருந்தது ஒரே ஒரு விஷயம்: பயிற்சிப் பள்ளி பி.எட். கல்லூரியாகப் போகிறது, அதற்காகப் பள்ளியைப் பார்வையிட ஒரு குழு வரப்போகிறது.

"உங்க ஊருக்கே பெருமை, காத்தாயி."

"பெருமை இருக்கட்டுங்க. வகுத்தல் எப்பங்க வரும்?"

"பாத்துக்கலாம்மா. குழு வந்துட்டுப் போகட்டும்."

பாத்துக்கலாம் என்ற சொல்லைக் காத்தாயி பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறாள். ஐப்பசி போயிற்று, மார்கழி போயிற்று, செம்பருத்தி போகவில்லை. குழு தை மாதம் வரும் என்று முடிவாயிற்று. அதே தையில் சம்பா அறுப்புக்குக் கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கமும் வேலைநிறுத்தம் சொல்லியிருந்தது. அவள் புருஷன் வைரக்கண்ணு சங்கத்து ஆள். வீட்டில் விறகு இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லாவிட்டாலும், அடுப்படியில் உட்கார்ந்து அரசியல் விளக்க நேரம் இருந்தது.

"நட்ட கையோட நிறுத்துனா எவன் மதிப்பான்? கதிர் முத்திச் சாயுறப்ப அருவாளக் கீழ போடணும். அப்பதான் பண்ணையாரு வீடு தேடி வருவாரு."

காத்தாயி ஊதுகுழலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப குழு வர்ற அன்னிக்குப் புள்ளைங்க பள்ளிக்கூடம் போவக் கூடாது."

"இதெல்லாம் சங்கத்துல வச்சுப் பேசி முடிவெடுக்கணும் புள்ள."

"நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே முடிஞ்சிரும்."

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். காளியம்மாள்தான் முரண்டு பிடித்தாள். "நாலு உருப்படிய நாளு முச்சூடும் வீட்டுல வச்சுக்கிட்டு எவடி மாரடிக்கறது? ஒண்ணு வேணா ஒன்வீட்டுக்கு அனுப்பறேன், வச்சுக்க."

"நாலையும் அனுப்பு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பாத."

குழு வந்த காலையில் மாதிரிப் பள்ளி காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அறக்கட்டளையின் வேன் தெருவுக்குள் வந்தது. உள்ளே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், தலை வாரி, பவுடர் பூசி. வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தான். "டேய், வெளியூர் ஆளு எறக்குறாங்கடா!" வேலைநிறுத்தத்தில் வெளியூர்க் கூலியாட்களை மறித்துப் பழகிய தோஷம். உள்ளே இருப்பது இரண்டாம் வகுப்பு என்று புரிந்ததும் வழி விட்டான்.

அங்கே நடந்ததை ஜெக்கரியாவே பிறகு சொன்னார். பயிற்சி மாணவி செம்பருத்தியைத் தூக்கிக் காட்டி, "என் கையில் இருப்பது என்ன?" என்றாள். மறுபடியும் கேட்டாள். ஒரு பையன், "சாமிக்குப் போடுறது" என்றான். ஒரு சிறுமி அம்மாவிடம் போக வேண்டும் என்று அழ, பின்னாலேயே நாலைந்து குரல் கிளம்பிற்று. குழுவின் தலைவர் எழுந்தார். நாளை இன்னொரு பாடம் பார்க்கிறோம், உங்கள் பள்ளிப் பிள்ளைகளையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நீலாயதாட்சி அம்மாள் வாய்க்கால் தெருவுக்கு நடந்தே வந்தார். செருப்பெல்லாம் சேறு.

"ஏம்மா இப்படிப் பண்றே? பாதி நாள் ஜெக்கரியா சாருக்கு விட்டுடறேன். காலை முழுக்க அவர்தான். போதுமா? நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பூப் பாடம்."

"நாளைக்கே வகுத்தல் நடக்கணுங்க."

"குழு முன்னாலயா? பிள்ளைங்க ஒண்ணுக்கும் பதில் சொல்லாதுங்களே!"

"தெரிஞ்சாத்தானங்க சொல்லும். அறுத்துப் போட்டப்பறம் கூலி பேசுனா கெடைக்காதுங்க."

அந்த அம்மாள் காத்தாயியை முறைத்துப் பார்த்தார். பிறகு தெருவே கேட்கும்படி, "சரி" என்றார்.

மறுநாள் பயிற்சி மாணவி வகுத்தல் எடுத்தாள். புளியங்கொட்டையைக் கூறு போட்டு, தப்பாகக் கூறு போட்டு, கலைத்து, மறுபடி போட்டாள். மலர்கொடி நாலு தடவை தவறாகச் சொல்லி ஐந்தாவது தடவை சரியாகச் சொன்னாள். குழுத் தலைவர் அதையெல்லாம் பார்த்து, இதுதான் பாடம் என்று எழுதிக்கொண்டார். கல்லூரி கிடைத்தது. அடுத்த ஜூனில் மலர்கொடிக்கு ஆறாம் வகுப்பும் கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கித் தேறி, நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதும் வேலைக்குப் போனாள். முப்பத்தெட்டா என்று காத்தாயி அதற்கும் ஒரு வாரம் திட்டினாள்.

காத்தாயிக்கு அறுபது தாண்டியபோது கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வளைவு கட்டினார்கள், பட்டாசு வெடித்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஐந்தாம் வகுப்பு தேவைப்படவில்லை. மாதிரிப் பள்ளியை மூடி அந்த இடத்தில் துணைவேந்தர் அலுவலகம் கட்டத் தொடங்கினார்கள். எம்.ஃபில்., பிஎச்.டி. எல்லாம் இருக்கும் ஊரில், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.

காளியம்மாளின் மருமகள் எல்லையம்மாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"அத்தே, அன்னிக்கு மாதிரி நிறுத்திப் பாப்பமா?"

"எத நிறுத்தறது? அன்னிக்கு அவங்களுக்கு நம்ம புள்ளைங்க வேண்டியிருந்துச்சு. அதான் சேறு மிதிச்சு வந்தாங்க. இப்ப நம்ம புள்ள போகலன்னா அவங்களுக்கு எடம் மிச்சம்டி."

வெளியே தெருவை ஒட்டிய வயலில் அறுவடை மிஷின் இரைந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து வைரக்கண்ணு, "எதுக்கும் சங்கத்துல ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டு காத்தாயி எழுந்து கொடியிலிருந்து நல்ல புடவையை உருவினாள். "கலெக்டர் ஆபீசுல மனு வாங்கற நாளு திங்கக்கெழமைதானே? இன்னிக்கு என்ன கெழம?"

"திங்கதான் அத்தே."

"அப்ப ஏன்டி நின்னுக்கிட்டே இருக்க? புள்ளைக்குச் சட்டையப் போடு."