வகுப்பறையில் ஒரு சிவப்புப் பட்டன்

அம்மாவின் தங்கை, வீட்டில் இருக்கும்போது எனக்குச் சித்தி; பள்ளியில் டீச்சர். இரண்டையும் இடம் மாற்றிக் கூப்பிடக் கூடாது என்பதுதான் இரண்டாம் வகுப்பில் நான் கடைப்பிடித்த முதல் விதி. ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த அரசுப் பள்ளியில் சித்தியைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். பார்வையிட வரும் கல்வி அதிகாரி திருப்தி என்று சொன்னால் அடுத்த வருடமும் வேலை. இல்லையென்றால் விருதுநகர் பக்கம் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே பெரியமாமா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். சித்தி போய்விட்டால் எனக்கு வலிக்காமல் தலை பின்னிவிட ஆளில்லை. ஆகவே அந்த வேலை எங்கள் இருவருக்குமே முக்கியம்.

சிக்கல், வகுப்பின் சத்தம்தான். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, மிச்சத்தில் பாதி கன்னடம். சித்தி "சலம்பாதீங்க" என்று ஊர்த் தமிழில் கத்தினால் எனக்கு மட்டும்தான் சரியாகப் புரியும். நானோ ஏற்கெனவே சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.

அதனால் விளையாட்டில் இறங்கினாள். முதலில் கைதட்டல்: டீச்சர் இரண்டு தட்டினால் நாங்கள் மூன்று தட்டி அடங்க வேண்டும். தட்டினோம், அடங்கவில்லை. அடுத்தது விரல் மழை. ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டித் தூறல், ஐந்து விரலால் பெருமழை, பிறகு மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். எங்கள் மழை நிற்கவே இல்லை. பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்தார். குசுகுசுவென்று பேசிப் பார்த்தாள். நாங்களும் குசுகுசுவென்று பேசிக்கொண்டோம்.

வழி சொன்னது அப்பா. அவர் தொழிற்பேட்டையில், தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தார். ஒவ்வொரு மிஷினிலும் சிவப்பாகக் காளான் மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும், திருகி விட்டால்தான் மறுபடி ஓடும். இங்கே எல்லா அப்பாக்களுக்கும் அது தெரியும், அதனால் பிள்ளைகளுக்கும் தெரியும் என்றார். ஒரு நிபந்தனையும் சொன்னார்.

"அழுத்துனவங்கதாம்மா திருகணும். அடுத்தவன் திருகினா, உள்ள யாரு கை இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் வகுப்பு வாசலுக்கு உட்புறம், சுவரில், சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம் வந்தது. சித்தி அதில் கை வைத்தாள். மூக்கு நோண்டியவன் விரலோடு நின்றான். கொட்டாவி விட்டவள் வாயை மூடவில்லை. இரண்டு நிமிடம் பாடம் சொல்லிவிட்டு, வட்டத்தைத் திருகி எங்களை ஓடவிட்டாள். அழுத்தியவர்தான் திருக வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பு ஒரு நல்ல தொழிற்சாலை.

அதிகாரி வந்தார். வகுப்புக்குள் செருப்புக் கூடாது என்பதால் வாசலில் நின்று ஷூவைக் கழற்றினார். ஒற்றைக் காலில் நின்றவர், விழாமலிருக்கச் சுவரில் கையை ஊன்றினார். சரியாக வட்டத்தின் மேல்.

நின்றுவிட்டோம். அவர் ஒருவனிடம் பெயரைக் கேட்டார். அவன் கண்ணை மட்டும் உருட்டினான். மூன்றும் நாலும் எவ்வளவு என்றார்; யாரும் பேசவில்லை. சித்தி ஓடிப்போய் வட்டத்தைத் திருகினாள். அழுத்தியது அவள் இல்லையே. யாரும் அசையவில்லை. ஓர் அதிகாரியிடம் போய்ச் சுவரைத் திருகுங்கள் என்று எப்படிச் சொல்வது? கூட வந்திருந்த தலைமையாசிரியர் சித்தியை முறைத்தார்.

பட்டன் அழுத்தியிருக்கும்போது பேசுவது பெரிய குற்றம். ஆனால் சித்தி ஊருக்குப் போவது அதைவிடப் பெரியது. உதட்டை அசைக்காமல் சொன்னேன்.

"சார், நீங்க அழுத்திட்டீங்க. நீங்கதான் திருகணும்."

சித்தி விளக்கினாள். அதிகாரி சிரித்துக்கொண்டே திருகினார். அவ்வளவுதான், ஏழு என்ற விடையும் எல்லோருடைய பெயரும் மூன்று மொழிகளில் ஒரே நேரத்தில் அவர் மேல் விழுந்தன. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுபடி அழுத்தினார். அந்த அமைதி அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. வேறு எதுவும் கேட்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு, தலைமையாசிரியரிடம், "இந்தம்மாவ விட்டுடாதீங்க. இவ்ளோ அமைதியான ரெண்டாங்கிளாஸ நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். திருகாமலே போனார். சித்தி ஜீப் வரைக்கும் ஓடினாள். அவர் ஜீப்புக்குள்ளிருந்தே காற்றில் ஒரு திருகு திருகினார். ஜன்னல் வழியாகப் பார்த்து ஏற்றுக்கொண்டோம்.

வேலை உறுதியானது. தலைமையாசிரியர் எல்லா வகுப்பிலும் சிவப்பு வட்டம் வரையச் சொன்னார். மூன்றாம் வகுப்பில் பிரேயர் முடிந்ததும் அழுத்தினால், சாப்பாட்டு மணிக்குத்தான் திருகுவார்கள். அந்த வகுப்பைக் கடக்கும்போதெல்லாம் சித்தியின் நடை மெதுவாகும்.

ஒரு சனிக்கிழமை உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வட்டத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இதனாலதான சித்தி உனக்கு வேலையே கெடச்சுது?"

"ஆமா. அதுக்குத்தான் அழிக்கேன்."

இது ஒரு பதிலா? ஷிப்ட் முடிந்து எங்களை அழைத்துப்போக வந்த அப்பாவிடம் முறையிட்டேன். அவர் மூன்றாம் வகுப்பில் எவ்வளவு நேரம் அழுத்தி வைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு பைக்குள் கையை விட்டு, இன்னும் சொரசொரப்பான தாள் ஒன்றை எடுத்து, "இது நல்லா எடுக்கும், சித்திகிட்ட குடு" என்றார். அப்பாவுமா அவள் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று எனக்கு அழுகையாக வந்தது.