நெருப்புப் போடுகிறவர் பெயர்

பாடம் நடத்த அந்த நாவலைத் திறந்தேன். வெள்ளைக்காரர்கள் தந்தத்துக்காக ஆப்பிரிக்க ஆறொன்றில் நீராவிப் படகில் போகும் கதை. பழைய தாள்களில் இன்னும் விறகுப் புகை வாசம்.

அறுபதுகளில், இலங்கை மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்பில், இதே புத்தகத்தை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ஸ்டோர் என்கிற தோட்டத்து ஆலையில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுபவர் அவர். கரி படிந்த விரலைப் புத்தகப் பக்கத்தின் மேல் வைத்துக் கேட்டார்.

"படகுல நெருப்புப் போடுற ஆளு பேரு என்னம்மா?"

"பேரு போடலப்பா."

"கூடவே வந்த ஆளாச்சே. கேட்டிருக்கலாமில்ல."

முப்பது வருடமாக எனக்குச் சோறு போடுவது அந்தக் கேள்விதான். இன்றும் அதிலேயே பாடத்தைத் தொடங்கினேன்.

"எந்த விமர்சகர் கேட்டது மிஸ்?" என்றாள் ஒரு மாணவி.

கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: பெருமாள் ராமையா.