பென்சில் நின்ற மேசை

ரைலி கார்ப்பினென் எங்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறாள். எங்கள் கைனூ வட்டாரத்தில் அவள் வகுப்பைவிட அமைதியான இடம் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். பாடத்தை முடித்து, "புரியுதா?" என்பாள். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பின்லாந்துப் பிள்ளைகள் என்றைக்குத் திறந்தார்கள்? அவள் பென்சில்களைத்தான் பார்ப்பாள். எது அசையாமல் நிற்கிறதோ, அந்த மேசைக்குப் போய் நிற்பாள். பேசாமல் நோட்டில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டுவாள். பென்சில் மறுபடி நகரும்.

போன வருஷம் புது ஏற்பாடு வந்தது. திங்களும் செவ்வாயும் பள்ளிக்கூடம், மற்ற மூன்று நாள் வீட்டிலிருந்து கணினியில். "ரெண்டையும் கலந்தா ரெண்டோட நன்மையும் கிடைக்கும்" என்றார் நகராட்சி ஆள். அவர் வாயில் மண் விழ!

ரைலியின் மாணவி சைமியின் வீடு அறுபது கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அதற்கு மார்ச் மாத இறுதித் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண் வேண்டும். நவம்பரில் அந்தப் பக்கத்துப் பேருந்தை நிறுத்தினார்கள். அதன்பின் அவளுக்கு ஐந்து நாளும் கணினிதான்.

திரையில் பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள். கேமராவைப் போடு என்று சொல்ல ரைலிக்கு மனம் வராது. அடுத்தவர் வீடல்லவா? சைமி அனுப்பும் வீட்டுப்பாடம் எல்லாம் சரியாகவே இருந்தது. விடைகள் புத்தகத்தின் கடைசியில் இருக்கின்றன. பார்த்துத் திருத்திக்கொள்வதைப் பிள்ளைகளிடமே விடுவது எங்கள் வழக்கம்.

ஜனவரியில் ஒருநாள் ஆசிரியர் அறையில் என்னோடு காபி குடிக்கும்போது ரைலி சொன்னாள். "சைமி ரொம்ப அமைதியா இருக்கா."

"நீ மட்டும் என்ன, ரேடியோவா?" என்று சிரித்தேன்.

"ஒரு ஃபோன் போட்டுப் பார்க்கட்டுமா?"

"வேணும்னா அவளே கேப்பா. எதுக்கு வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கிற?"

எடுத்த ஃபோனைக் கீழே வைத்தாள். அதை நினைத்தால் இன்றும் என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மே மாதம் முடிவு வந்தது. சைமி கணக்கில் தேறவில்லை. பள்ளிக் கணினியைத் திருப்பிக் கொடுக்க அப்பாவின் காரில் வந்தாள். நானும் ரைலியின் வகுப்பறையில் இருந்தேன்.

"இலையுதிர் காலத்துல மறுபடி எழுதலாம், சைமி. வீட்டுக்கே வந்து சொல்லித் தரேன்" என்றாள் ரைலி.

"வேணாம். காலேஜ் விண்ணப்பத்தையும் வாபஸ் வாங்கிட்டேன். நவம்பர்லேர்ந்தே எனக்கு ஒண்ணும் புரியல."

"ஏம்மா சொல்லல?"

சைமி கணினியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பென்சிலைக் கீழ வெச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன். தினமும். நீங்க வந்து நிப்பீங்கன்னு."

ரைலி கை நீட்டிக் கணினியை வாங்கிக்கொண்டாள்.

நேற்று புதன்கிழமை, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள். கதவு திறந்திருந்த அடுத்த அறையில் ரைலி திரையைப் பார்த்து "புரியுதா?" என்று கேட்டாள். நாற்காலியை விட்டு எழுந்து காலி மேசைகளுக்கு நடுவே பாதி தூரம் வந்தாள். எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.