தெருவுக்கு ஒரு மணி

இந்தக் காலத்தில் பிள்ளைகள் நல்ல வேலையை விட்டுவிட்டு ஏதோ ஒரு கருவி செய்யக் கிளம்பினால் அதற்கு ஸ்டார்ட்-அப் என்று பெயர். தோற்றாலும் 'அனுபவம்' என்று பாராட்டுகிறார்கள். நான் கிளம்பியபோது அதற்குப் பெயர் சிறுதொழில். தோற்றால் 'அப்பவே சொன்னேனே' என்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் நான் ஆரம்பித்த நிறுவனம் சரியாக ஒரு வருஷம் உயிரோடிருந்தது. அதன் கோப்புகள் அதைவிட ஆரோக்கியமாக இருந்தன.

இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு அப்போது துறைமுக அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். எந்த விண்ணப்பம் எந்த மேசை வழியாக எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். விடுப்பு விதி, நடத்தை விதி, பயணப்படி விதி எல்லாம் அடிக்குறிப்போடு பாடம். தொழில் தொடங்க இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

கருவி செய்யத் தெரிந்தவன் என் நண்பன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஒருநாள் அவன் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை எடுத்துக் காட்டினான். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பாட்டரிக் கட்டை, ஒரு சின்ன மணி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஒயர்களின் நுனியில் தண்ணீர் பட்டால் மணி அடிக்கும். அவனுக்கு அது பொழுதுபோக்கு. அதில் எதிர்காலத்தைப் பார்த்தவன் நான்.

என் மனைவி ராயபுரத்தில் ஒரு கன்னியர் பள்ளியில் ஆசிரியை. பட்டம் உண்டு, ஆசிரியப் பயிற்சி இல்லை. அதனால் ஒவ்வொரு ஜூனிலும் 'தற்காலிகம்' என்று புதிதாக ஓர் உத்தரவு வாங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷமாவது பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்துவிடு, இல்லாவிட்டால் உன் இடத்தை என்னால் காப்பாற்ற முடியாது என்று தலைமைக் கன்னியர் சொல்லிவிட்டார். படிக்கும் வருஷம் அவளுக்குச் சம்பளம் கிடையாது. அந்த வருஷம் எனக்கும் சம்பளம் இல்லாமல் போனால் அடுப்பு எரியாது. ஆகவே இப்படி ஓர் உடன்பாடு: இந்த ஜூனிலிருந்து ஒரு வருஷம் நான் சம்பளமில்லா விடுப்பு எடுப்பேன். அடுத்த ஜூனில் நான் வேலைக்குத் திரும்புவேன், அவள் கல்லூரிக்குப் போவாள்.

"எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. எழுதினா அதுல நீங்களே ஓட்டை கண்டுபிடிப்பீங்க" என்றாள்.

விடுப்பில் இருந்தாலும் ஊழியன் வியாபாரம் செய்யக் கூடாது என்று நடத்தை விதி சொல்கிறது. மனைவி செய்யலாம், அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். ஆகவே என் மனைவியும் என் நண்பனும் பங்குதாரர்கள். நிறுவனத்தின் மூளை என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் நான் யாருமே இல்லை.

அடுத்த மூன்று மாதம் நான் செய்தது பதிவு. பங்குதாரர் பத்திரம், சிறுதொழில் பதிவு, நகராட்சி உரிமம், விற்பனை வரிப் பதிவு, வங்கியில் நடப்புக் கணக்கு, வட்ட முத்திரை, நீள முத்திரை. வரும் தபாலுக்கு ஒரு பதிவேடு, போகும் தபாலுக்கு ஒன்று. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் என் மனைவி முகம்கூடக் கழுவாமல், "இன்னைக்கு எங்கெங்க கையெழுத்து?" என்று கேட்பாள்.

நண்பன் முத்திரைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா மாமு, இன்னும் ஒரு பீஸு கூட ரெடி ஆவல. அதுக்குள்ள ரெண்டு ஸ்டாம்பு பண்ணிகினு வந்து நிக்கிற?"

"நாளைக்கு ஆர்டர் வந்தா பில்லுல என்ன குத்துவே?"

"ஆர்டர் வர்ட்டும், கட்ட வெரலயே குத்துறேன்."

அவன் ரேடியோக் கடையை மூடவில்லை. அவனுக்கு முழு ஈடுபாடு போதவில்லை என்று நான் மனத்துக்குள் குறிப்பு எழுதிக்கொண்டேன்.

எங்கள் முதல் திட்டம் விசைப்படகு. படகின் அடியில் தண்ணீர் ஏறினால் மணி அடித்து எச்சரிக்கும். காசிமேட்டில் ஒரு படகுக்காரரைப் பிடித்து, கரையில் கட்டியிருந்த அவர் படகில் மாட்டினோம். மாட்டிய உடனே அடித்தது. அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உப்புக் காற்றின் ஈரம் ஒயர்களில் படிந்து, அதையே கடல் என்று கருவி முடிவு செய்துவிட்டது. நண்பன் ஒயரைத் துடைப்பான், நிற்கும். அவன் பீடி பற்றவைப்பான், மறுபடி அடிக்கும்.

படகுக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். "இத்த எதுக்கு நைனா கட்ணும்?"

"தண்ணி உள்ள வந்தா தெரியும்" என்றேன்.

"தண்ணி வந்தா காலு நனையும். எங்களுக்கு அதான் மணி."

"ஆளுங்க அசந்து தூங்கிட்டாங்கன்னா?"

"தூங்குறவன நா போட்டுல ஏத்த மாட்டேன். ஆபீஸுக்குத்தான் அனுப்புவேன்" என்றார். பக்கத்துப் படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் அதை ரசித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவிக்குக் கோபம். என்மேல் அல்ல, குழாய்மேல். எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே குழாய். தண்ணீர் காலையில் வரலாம், மத்தியானம் வரலாம், வராமலே போகலாம். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போகத் தடையில்லை. ஆனால் தண்ணீர் வரும்போது குடத்துக்கு உரியவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் குடத்தைக் காலால் ஓரம் தள்ளிவிடுவார்கள். எங்கும் எழுதப்படாத இந்த விதி, எனக்குத் தெரிந்த எழுதப்பட்ட விதிகள் எதையும்விடக் கண்டிப்பாக அமலில் இருந்தது. அதனால் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்று விடுமுறை நாள். அவளும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, துணி நனைக்க உள்ளே வந்த நேரத்தில் தண்ணீர் வந்து நின்றுவிட்டது.

"தண்ணி வர்றப்ப அடிக்குமே உங்க மணி, அதைப் படகுல கட்டுறதுக்கு இங்க கட்டினா என்ன?" என்றாள்.

இரண்டு நாளில் நண்பன் குழாய் வாயில் ஒயரைச் செருகி, சுவரோரமாக இழுத்து, எங்கள் சமையலறையில் டப்பாவை மாட்டினான். அடுத்த நாள் முற்பகலில் மணி அடித்தது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் தெருவே அங்கே நின்றது. எங்கள் சமையலறை மணி எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அதை நல்ல விளம்பரம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு முட்டாளுக்குப் பட்டமும் இருந்தால் இப்படித்தான்.

பிறகு நான் டோல்கேட்டிலிருந்து எண்ணூர்வரை தெருத்தெருவாக நடந்து, குழாய்த் தண்ணீர் பிடிக்கும் வீடுகளைக் கணக்கெடுத்தேன். வீட்டுக்கு ஒரு மணி என்று பெருக்கினேன். வந்த எண்ணைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்ததால் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். பாதியே தாராளமாக இருந்தது. மண்ணடிக்குப் போய்ச் சோப்பு டப்பாக்களைக் கோணிப்பையில் கட்டி, கைவண்டியில் கொண்டுவந்தேன். என் மனைவி கூடத்தில் நடக்க ஒரு பாதை விட்டு அடுக்கச் சொன்னாள்.

மணி விற்றது. ஒரு தெருவில் ஒன்று விற்கும், அதோடு சரி. பெண்கள் கூடிப் பேசி, பொதுவில் ஒன்றை வாங்கி, விளக்குக் கம்பத்தில் கட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் அதுவும் இல்லை, எங்கள் வீட்டு மணியே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. மூன்று வீடு தள்ளி, மீன் விற்கும் ஓர் அம்மாள் இருந்தார். குழாயடியில் அவர் வைத்ததுதான் சட்டம். அவரிடம் போய் ஒன்று வாங்கிக்கொள்ளும்படி கேட்டேன்.

"எதுக்கு சாரு? உன் வூட்ல அடிக்கிறது எனக்கு ஜோரா கேக்குது."

"உங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணு இருந்தா..."

"ஒரு கோயிலுக்கு எத்தினி மணி கட்டுவாங்கோ?"

இதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

நான் நண்பனிடம் போய் நிலைமையை விளக்கினேன். வீடுகளை எண்ணியிருக்கக் கூடாது, குழாய்களை எண்ணியிருக்க வேண்டும். அவன் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அத்த நா அன்னிக்கே கேட்டேனே மாமு. ஒரு கொழா வாய்ல எத்தினி ஒயரு சொருவுவேன்னு. நீ அப்போ பெருக்கினு இருந்தே, காதுலயே வாங்கல."

விடுவேனா? மணிச் சத்தம் ஊருக்கே கேட்பதுதானே கோளாறு என்று, மணிக்குப் பதில் ஒரு சின்ன பல்பு வைக்கச் சொன்னேன். வாங்கியவருக்கு மட்டும் தெரியும், அடுத்த வீட்டுக்குத் தெரியாது. அதில் ஒன்றை அந்த அம்மாள் வீட்டில் இலவசமாகவே மாட்டினோம். ஒரு வாரத்தில் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

"கொழாவ பாத்துகினு குந்தினா, பேச நாலு பேரு இருப்பாங்கோ. நீ இன்னாடான்னா தனியா பல்ப பாத்துகினு குந்த சொல்ற. நா இன்னா ஜெயில்லயா கீறேன்?"

இப்படியே மே மாதம் வந்தது. விடுப்பு முடியப்போகிற நேரத்தில்தான் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தார். அவர்களிடம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள் நிறைய உண்டு. நிரம்பி வழியும்போது அடிக்க ஒரு மணி வேண்டும். தொட்டிக்கு ஒரு மணி. நான் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த கணக்கு கடைசியில் தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முதலில் இரண்டு தொட்டிகளில் மாட்டி மழைக்காலம் முடியும்வரை பார்ப்போம், பிறகு ஆர்டர் தருகிறோம் என்றார் அவர்.

இன்னும் ஆறு மாதம் விடுப்பு நீட்டித்தால் போதும். விதியில் அதற்கு இடம் உண்டு. என் மனைவிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, பணம் கட்டக் கடைசி நாள் குறித்துக் கடிதமும் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அவள் அலமாரியில் வைக்கவில்லை, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன்.

"டீச்சரம்மாவ கேட்டியா?" என்றான் நண்பன்.

"முதல்ல விண்ணப்பத்தை எழுதிடுறேன். அப்புறம் கேக்குறேன்."

"இல்ல மாமு, நீ கேக்க மாட்டே. எழுதி முன்னால வெப்பே. அவுங்களா 'பரவால்ல, நா அடுத்த வருசம் போறேன்'னு சொல்லணும்னு பாப்பே."

நான் பார்த்தது துல்லியமாக அதைத்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் வாசல் பக்கம் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அது தற்செயலாக அங்கே வந்ததுபோல நின்றேன்.

"நீங்களே படிங்க" என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படித்தேன். நல்ல விண்ணப்பம். மூன்று விதிகளை மேற்கோள் காட்டியிருந்தேன். 'எதிர்பாராத சூழ்நிலை காரணமாக' என்ற இடத்தில் அவள் பேனாவைத் தூக்கினாள்.

"எது எதிர்பாராதது?"

"மணலி ஆர்டர்..."

"அது இன்னும் வரல. வரப்போறது ஜூன் மாசம். போன வருஷமும் வந்துச்சு. வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் விதியில் இடம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"விதியில எப்பவும் இடம் இருக்குங்க. கன்னியர்கிட்ட எனக்குத்தான் இடம் இருக்காது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அடுத்த விடைத்தாளை எடுத்தாள். 'அடுத்த வருஷம் போகிறேன்' என்று அவள் சொல்வதற்காக இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவள் சொல்லவில்லை. அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அதற்கடுத்ததை எடுத்தாள். நான் உள்ளே போய் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நகல் எடுக்காமல் நான் அழித்த காகிதம் அது ஒன்றுதான்.

மணலியில் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நண்பன் ஞாயிறு பூசை முடிந்து போய் இரண்டு தொட்டியிலும் மாட்டிவிட்டு வந்தான். மழைக்காலம் முடிந்ததும் அவர்களிடமிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அதன் பொருளை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்து அதே பதிலை எத்தனையோ பேருக்கு நானே எழுதியிருக்கிறேன்.

ஜூன் வந்தது. கல்லூரி ஊரின் தென்கோடியில். முதல் நாள் அவள் விடிந்ததும் புறப்பட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். அன்றுதான் நான் வேலையில் சேர வேண்டிய நாளும். முற்பகலில் சேர்ந்தால் முழு நாள், பிற்பகல் என்றால் அரை நாள். இது தெரியாத எழுத்தர் துறைமுகத்தில் இல்லை. வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சலவைச் சட்டையோடு குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, தொழில்நுட்பத்தை நம்பி உள்ளே வந்து உட்கார்ந்தேன். மணி அடிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மீன்கார அம்மாள் குழாயடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் படிக்கப் போச்சா?"

"போயிட்டாங்க."

"அப்ப நீதான் இனிமே புடிக்கணும். இப்டி வந்து குந்து. உள்ள இருந்தா கொடத்த தள்ளிருவாங்கோ."

உட்கார்ந்தேன். தண்ணீர் வந்தபோது வெயில் உச்சிக்குப் போயிருந்தது.

அலுவலகத்தில் தலைமை எழுத்தர் என் பணியேற்பு அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நீங்க போய் பிற்பகல்னு எழுதியிருக்கீங்களே?"

"தண்ணி வரல சார்."

"உங்க வீட்டுல அதுக்கு ஏதோ மெஷின் இருக்குன்னு சொன்னாங்க?"

"இருக்கு சார். தண்ணி வந்தாத்தான் அது அடிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தி, பிற்பகல் என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். எனக்கு அரை நாள் போயிற்று. அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில் அவள் மத்தியான வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் களைத்து வந்து, நிரம்பியிருந்த குடங்களைப் பார்த்தாள். ஒரு சொம்பு மொண்டு முகம் கழுவினாள்.