பாக்கெட் நிறையும் வரை

போன வாரம் எங்கள் தீவின் படகுத்துறையான சாத்தம் ஜெட்டியில் படகேறினேன். மரம் அறுக்கும் மில் பக்கமிருந்து ஈர மரத்தூள் வாசனை. நடுவில் கைபேசியில் சிக்னல் போய், பாம்பூஃப்ளாட் கரை நெருங்கியதும் மனைவியின் செய்திகள் ஒரே கொத்தாக வந்து விழுந்தன. வெண்டைக்காய், உப்பு, அப்புறம் ‘எங்க இருக்கீங்க?’ வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நான் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஒன்றுமே வராமல் கிடந்து, பிறகு எல்லாம் சேர்ந்து வந்தால் எனக்கு ஆகாது.

மரத்தூள் வாசனையும் அப்படித்தான், சின்ன வயதில் நான் வேலை பார்த்த சௌல்தாரிக்கு நேரே இழுத்துப்போய்விடும். அங்கே எங்கள் பம்ப் அறையில் சேறு வழுக்காமலிருக்க மரத்தூள்தான் கொட்டியிருப்போம்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். டேங்கர் லாரிகளுக்குத் தண்ணீர் விற்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். மலைமேல் தடுப்பணை, கீழே ஓடைக்கரையில் பம்ப் அறை. மேலே மழை கொட்டும்போது கீழே வெயிலடிக்கும். அணை வழிந்தால் வெள்ளம் சொல்லாமல் இறங்கும். அதற்காகத்தான் அணை மேட்டில் நீர்மட்டக் கருவியும் ஒரு ரேடியோ மோடமும் வைத்திருந்தார்கள். அளவு காற்றிலேயே வந்து எங்கள் திரையில் எண்ணாகத் தெரியும்.

மோடத்தைக் கவனித்தவர் செல்வம் அண்ணன், ராமநாதபுரத்துக்காரர். மழைக்காலத்தில் சோலார் ஏறாமல் பேட்டரி அடிக்கடி படுத்துவிடும். ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக அனுப்புவதால்தான் பேட்டரிக்கு இந்தச் செலவு என்று, ஒருநாள் லேப்டாப்பைச் செருகி, அளவுகளை மூட்டை கட்டி அனுப்பும் ‘பாக்கெட்’டைப் பெரிதாக்கினார். இனிமேல் பல அளவுகள் சேர்ந்து பாக்கெட் நிறைந்தால்தான் மோடம் அனுப்பும். நிறையாவிட்டால் எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்று லேப்டாப் திரையில் இன்னொரு கட்டம். அதையும் நீட்டிவிட்டார்.

“அதுவரைக்கும் கீழ என்னண்ணே தெரியும்?”

“பழைய நம்பர்தான். ஜெட்டில ஜீப்காரன் ஆள் நிறையாம வண்டிய எடுக்குறானா? அதே மாதிரிதான். பேட்டரி உக்காந்துட்டா மழைல யாரு மலை ஏறுறது, நீயா?”

நியாயம்தானே. எங்கள் ஊரில் எல்லாமே ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் அதற்கும் மதிப்பில்லை. மாம்பழத்தைக் கண்டாலே கொட்டை தொண்டையில் சிக்குமே என்று நினைப்பவன் நான்.

ஓடைக்குள் இறங்கி, குழாய் வாயின் வலையில் சேரும் இலைகளை வாரிப்போடுவது பாசு தாதாவின் வேலை. வங்காளி, எங்களோடு இருந்து தமிழும் பழகியவர்; தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். பாக்கெட்டைப் பெரிதாக்கிய சில நாளில், ஒரு மத்தியானம் அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். தலைக்குமேல் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. திரையில் எண் அசையவே இல்லை. காட்டில் பூச்சிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“தாதா, மேல வாங்க!”

“ஏன், நம்பர் ஏறுச்சா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் கத்துற, டர்போக்!”

பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். அங்கே என் பெயரே அதுதான். ஓடைத் தண்ணீர் சாயா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னாலும் சிரிப்பார். அவரைக் கரையேற்ற எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

“சாயா ஆறுது தாதா!”

பொய். அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் முணுமுணுத்தபடி கரையேறி வந்து, “எங்கடா சாயா?” என்றார்.

ஜல்லி லாரி கவிழ்வதுபோல் ஒரு சத்தம். வலை, கூடை, அவர் நின்றிருந்த பாறை, எல்லாம் செம்மண் நீருக்குள் போயின. அதன் பிறகுதான் திரை விழித்துக்கொண்டது. ஒன்றைவிட ஒன்று பெரிய எண்ணாக, மளமளவென்று, நாங்கள் கண்ணால் பார்த்து முடித்ததை எங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தது. பாசு தாதா ஈரக் கால்களோடு நின்று கடைசி எண்வரைக்கும் பார்த்தார். அப்புறம் சாயா கேட்கவில்லை.

சாயங்காலம் செல்வம் அண்ணன் வந்து பாக்கெட்டைச் சிறிதாக்கினார். காத்திருக்கும் நேரத்தையும் வெட்டினார். “பேட்டரி செத்தா சாகட்டும்” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

போன வாரம் படகிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். மனசு கேட்காமல் சௌல்தாரிக்குப் போனேன். காண்ட்ராக்டர் எப்போதோ தொழிலை விட்டுவிட்டார். பாசு தாதா வடக்கே திக்லிபூரில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. பம்ப் அறை, ஆன்டெனாக் கம்பம், திரை, எதுவும் இல்லை. ஓடையைப் பாதி மூடி அதன்மேல் வரிசையாக வீடுகள். பழைய வலை இருந்த இடத்தில் ஒருவர் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து தமிழ்ப் பாட்டு வந்ததால் தமிழிலேயே பேச்சுக் கொடுத்தேன்.

“மேல அணையில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு இப்ப யாரு பாக்குறாங்க?”

குழாயை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த அணை, அண்ணே?”