டப்ளினுக்கு இரவல் பணம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போயிருந்தேன். நண்பர் முருகேசன் அங்கே பாதுகாப்புத் துறை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், குவார்ட்டர்ஸ் வாசி. அவர் மகள் நிவேதா எம்.எஸ். படிக்க அயர்லாந்து போகப்போகிறாள், வாழ்த்திவிட்டு வரலாமே என்று கிளம்பினேன். கையில் அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வேறு!

கதவைத் திறந்த முருகேசனின் முகத்தைப் பார்த்ததுமே, ஸ்வெட்டர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

விசா ரிஜெக்ட்.

வெளிநாட்டில் படிக்க மார்க் மட்டும் போதும் என்றா நினைக்கிறீர்கள்? நிவேதா வேலப்பன்சாவடி பக்கம் ஒரு காலேஜில் அரியரே இல்லாமல் பி.இ. முடித்தவள். ஆங்கிலத் தேர்விலும் கேட்டதற்கு மேலேயே ஸ்கோர். டப்ளினில் அட்மிஷன் கிடைத்தாயிற்று. ஃபீஸுக்கு பேங்க் லோன். பாக்கி ஒன்றே ஒன்றுதான்... அங்கே தங்கிச் சாப்பிடப் பணம் இருக்கிறது என்று அப்பாவின் அக்கவுன்ட்டில் காட்ட வேண்டும்.

மாதச் சம்பளக்காரர் அக்கவுன்ட்டில் என்ன இருக்கும்? ஒன்றாம் தேதி வரும், பத்தாம் தேதிக்குள் போய்விடும்.

முருகேசன் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்களே தேடி வந்தார்கள். ஆரம்பித்து வைத்தவர் மண்ணூர்பேட்டை தாஸ்.

"இன்னா அண்ணாத்தே, நம்ம துட்டு பேங்க்ல சும்மா தூங்கிகினுதானே கீது? உன் அக்கவுன்ட்ல தூங்கட்டும். பாப்பா பிளேன் ஏறினதும் திருப்பிக் குடு!"

ஒருவர் வீடு கட்டச் சேர்த்தது, ஒருவர் சீட்டு எடுத்தது... ஒரே வாரத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

நம் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு நகை குறைந்தால், பக்கத்து வீட்டு அக்கா தன் ஆரத்தைக் கழற்றிப் போட்டுவிட மாட்டாரா? மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதை யாராவது மோசடி என்போமா? அதே பழக்கத்தில்தான் இதையும் செய்திருக்கிறார்கள்.

விசா ஆபீஸருக்கு அந்த அக்காவைத் தெரியாதே! இவ்வளவு நாள் காலியாகக் கிடந்த அக்கவுன்ட்டில் திடீரென்று இத்தனை பேர் போட்ட பணம் எப்படி வந்தது? விளக்கம் இல்லை, ஏற்பதற்கில்லை என்று எழுதிவிட்டார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அது முருகேசனின் பணம் இல்லையே.

அப்பீல் போடலாமாம். முடிவு வருவதற்குள் கிளாஸ் ஆரம்பித்துவிடும். அடுத்த வருஷம் போகலாம் என்றால், அதற்குள் முருகேசன் ரிட்டயர் ஆகிவிடுவார். சம்பளம் நின்றுபோனவரை நம்பி லோன் தர முடியாது என்று பேங்கில் இப்போதே சொல்லிவிட்டார்கள். ஆக, இந்த வருஷத்தோடு சரி. இதைச் சொல்லும்போது முருகேசன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து தாஸ் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணாத்தே... எங்க துட்டாலதான் பாப்பாக்கு விசா பூட்ச்சா? கேன்டீன்ல பேசிக்கிறாங்கோ..."

முருகேசன் வாயைத் திறப்பதற்குள், நிவேதா உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"சேச்சே... அதெல்லாம் இல்ல மாமா. இங்கிலீஷ் டெஸ்ட்ல மார்க் கம்மி. நான்தான் ஒழுங்கா படிக்கல."

தாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல முகம் தெளிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அவ்ளோதானா? நான் பயந்தே பூட்டேன். உடு பாப்பா, அடுத்த வருசம் நல்லா படி. துட்டுக்கு நாங்க கீறோம்!"

"சரி மாமா" என்றாள்.

அடுத்த வருஷம் கிடையாது என்று அவரிடம் யார் சொல்வது? நான் சொல்லவில்லை.